சிப் மாற்றினால் கார் வேகமாகுமா? சோதனையை முதலில் சோதியுங்கள்

"சிப்பை மாற்றுங்கள், 30 குதிரைத்திறன் கூடுதலாகப் பெறுங்கள்!"

இப்படிப்பட்ட விளம்பரங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் பக்கத்திலேயே ஒரு வரைபடம் இருக்கும். கீழே ஒரு நீலக் கோடு, அது பழைய சிப். மேலே ஒரு சிவப்புக் கோடு, அது புதிய சிப். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிதான் நீங்கள் பணம் கொடுத்து வாங்கப்போகும் பொருள்.

மலேசியாவில் 17 வயதிலும் சிங்கப்பூரில் 18 வயதிலும் கார் ஓட்டும் உரிமம் எடுக்கலாம். ஆகவே, இந்த விளம்பரம் உங்களைத் தேடி வரும் நாள் தொலைவில் இல்லை. உங்கள் அண்ணனை ஏற்கெனவே தேடி வந்திருக்கலாம். அதனால், மாணவர்களே, என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விற்பவருக்குப் பிடித்த ஒன்றை மட்டும் அளந்து காட்டுவது சோதனை ஆகாது. என்ன கிடைத்தது என்பதோடு என்ன போனது என்பதையும் அளந்தால்தான் அது சோதனை. சிப் விற்பவருக்கு மட்டுமல்ல, கார் தயாரிக்கும் பெரிய நிறுவனத்துக்கும் இது பொருந்தும்.

சிப்புக்குள் என்ன இருக்கிறது?

எஞ்சின் ஓடும்போது அதன் கணினி இரண்டு கேள்விகளுக்கு ஓயாமல் விடை கொடுத்துக்கொண்டிருக்கிறது. எவ்வளவு பெட்ரோலைத் தெளிக்க வேண்டும்? எந்த நொடியில் தீப்பொறியை விட வேண்டும்? எஞ்சின் நிமிடத்திற்கு 6,000 முறை சுழன்றால், ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் 10 மில்லி விநாடி. ஒரு பாகை திரும்ப ஏறக்குறைய 28 மைக்ரோ விநாடிதான். அவ்வளவு குறுகிய நேரத்தில் கணினி உட்கார்ந்து யோசிக்க முடியாது. ஆகவே, விடைகளை முன்கூட்டியே எழுதிவைத்த அட்டவணையைப் பார்த்துக்கொள்கிறது. ஒரு பக்கம் எஞ்சினின் வேகம், மறுபக்கம் உள்ளே வரும் காற்றின் அளவு. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஓர் எண் இருக்கும். நீங்கள் வாய்ப்பாட்டைப் பார்ப்பதுபோலத்தான்.

1980களிலும் 1990களின் தொடக்கத்திலும் வந்த பல கார்களில் இந்த அட்டவணை, கணினிப் பெட்டிக்குள் செருகப்பட்ட ஒரு சிறு நினைவகச் சில்லில் இருந்தது. அதைப் பிடுங்கிவிட்டு வேறு எண்கள் எழுதிய சில்லைச் செருகலாம். "சிப் மாற்றுவது" என்ற பேச்சு அங்கிருந்துதான் வந்தது. இன்றைய கார்களில் சில்லைப் பிடுங்குவதில்லை. மடிக்கணினியை இணைத்து எண்களை மாற்றி எழுதுகிறார்கள். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இங்கே ஓர் உண்மையை மறக்கக்கூடாது. சிப் ஆற்றலை உண்டாக்காது. ஆற்றல் பெட்ரோலும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து எரிவதால் வருகிறது. ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். முழுச் சக்தி தேவைப்படும்போது பெட்ரோலைச் சற்றுக் கூட்டுவார்கள். தீப்பொறியை ஓரளவு முன்கூட்டியே விட்டாலும் சக்தி கூடும். அளவு மீறினால் கலவை தாறுமாறாக வெடித்து, பிஸ்டனைச் சுத்தியலால் அடிப்பதுபோல் தாக்கும். பட்டறையில் இதை 'நாக்கிங்' என்பார்கள்.

கார் நிறுவனங்கள் இந்த எல்லைக்கு மிக அருகில் போவதில்லை. அவர்கள் விற்கும் கார் தரம் குறைந்த பெட்ரோலிலும், கொளுத்தும் வெயிலிலும், நேரத்துக்கு சர்வீஸ் செய்யாதவரிடமும் பல ஆண்டுகள் ஓட வேண்டும். புகை அளவும் சட்டத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். அதற்காக ஓரளவு இடம் விட்டுவைக்கிறார்கள். சிப் விற்பவர் அந்த இடத்தைத்தான் எடுத்து உங்களிடம் விற்கிறார். எனவே அவர் சொல்வது எப்போதும் பொய் என்று சொல்ல மாட்டேன். சில கார்களில் சக்தி உண்மையிலேயே கூடும். எவ்வளவு கூடியது, அதற்கு என்ன விலை என்பதுதான் கேள்வி.

ஒரு விளையாட்டுக் காரின் கணக்கு

ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் 1985இல் வெளியிட்ட 944 டர்போ காரை எடுத்துக்கொள்வோம். சிப் மாற்றுபவர்களுக்கு மிகவும் பிடித்த கார் இது. 2.5 லிட்டர், நான்கு சிலிண்டர், 220 பி.எஸ். சக்தி. அதில் இரண்டு கணினிகள் இருந்தன. ஒன்று பெட்ரோலையும் தீப்பொறியையும் கவனித்தது. மற்றொன்று நாக்கிங் வருகிறதா என்று கண்காணித்து, தேவைப்பட்டால் தீப்பொறியைத் தாமதப்படுத்தியது. டர்போவின் அழுத்தத்தையும் குறைத்தது.

டர்போ என்பது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும் விசிறி. இந்தக் காரில் உள்ளே போகும் காற்றின் அழுத்தம் அதிகபட்சமாகச் சுமார் 1.75 பார். சிப்பை மாற்றி அதை 2 பார் ஆக்கினால் என்ன ஆகும்? வெப்பநிலை மாறாது என்று வைத்துக்கொண்டால், 2-ஐ 1.75-ஆல் வகுக்க, காற்று ஏறக்குறைய 14 விழுக்காடு கூடும். 220 பி.எஸ். என்பது 250-ஐ எட்டும். அதாவது 30 கூடுதல்! விளம்பரம் சொன்ன எண் கணக்கிலேயே வந்துவிட்டது.

ஆனால், காற்றை அழுத்தினால் அது சூடாகும். சூடான காற்றின் அடர்த்தி குறையும். நாக்கிங் வரும் வாய்ப்பு கூடும். எனவே முழு 30-உம் கிடைக்காமல் போகலாம். டர்போ இல்லாத காரிலோ காற்றைத் திணிக்க வழியே இல்லை. எண்களை மட்டும் மாற்றி அங்கே கிடைப்பது பொதுவாக மிகச் சொற்பம். டர்போ உள்ள காருக்கும் இல்லாத காருக்கும் ஒரே எண்ணைச் சொல்லி விற்பவரைக் கண்டால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். 1988இல் போர்ஷே நிறுவனமே இதே காரின் சக்தியை 220இலிருந்து 250 பி.எஸ். ஆக உயர்த்தி 'டர்போ எஸ்' என்று வெளியிட்டது. அதே 30தான். அதற்கு அவர்கள் எண்களை மட்டும் மாற்றவில்லை. பெரிய டர்போவைப் பொருத்தினார்கள், கியர்பெட்டியை வலுப்படுத்தினார்கள், பெரிய 928 எஸ்4 காரின் பிரேக்குகளைக் கொண்டுவந்து மாட்டினார்கள். கூடுதல் சக்தி வந்தால் அதைத் தாங்கவும் நிறுத்தவும் வேறு பாகங்கள் வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். சிப் மட்டும் வாங்குபவர் முதல் வேலையைச் செய்துவிட்டு மற்றவற்றை விட்டுவிடுகிறார்.

இரண்டு எண்கள் சோதனை ஆகாது

சக்தியை அளக்க 'டைனோ' என்ற கருவி உண்டு. காரின் சக்கரங்கள் ஒரு கனமான உருளையின் மேல் சுழலும். எடை தெரிந்த அந்த உருளை எவ்வளவு விரைவாக வேகமெடுக்கிறது என்பதிலிருந்து சக்தியைக் கணக்கிடலாம். நல்ல கருவிதான். ஆனால் கருவி நல்லதாக இருந்தால் மட்டும் சோதனை நல்லதாகிவிடாது.

தமிழ்ப்பள்ளியில் அறிவியல் பாடத்தில் தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று படித்தோமே, நினைவிருக்கிறதா? தேர்வுத் தாளில் மூன்று கோடுகளை நிரப்புவதற்கு மட்டும் என்று நினைத்திருப்பீர்கள். அது தேவைப்படும் இடம் இதுதான். தற்சார்பு மாறி சிப். சார்பு மாறி சக்தி. மற்ற எல்லாமே கட்டுப்படுத்தப்பட வேண்டியவை.

காற்றின் வெப்பநிலையைப் பாருங்கள். காலையில் 25 பாகை செல்சியசில் பழைய சிப்பையும் மதியம் 35 பாகையில் புதிய சிப்பையும் அளந்தால், காற்றின் அடர்த்தி சுமார் 3 விழுக்காடு மாறிவிடும். 200 குதிரைத்திறன் கொண்ட காரில் அது 6 குதிரைத்திறன். நேரத்தை மாற்றிவைத்தால், ஒன்றும் செய்யாத சிப்கூட 6 குதிரைத்திறன் கூட்டியதாகக் காட்டலாம். டைனோ கணினி இதைத் திருத்திக் கணக்கிடும். ஆனால் இரண்டு கோடுகளுக்கும் ஒரே திருத்தம் போடப்பட்டதா என்று கேட்க வேண்டும்.

பெட்ரோல் அடுத்தது. முதல் சோதனை ரான் 95, இரண்டாவது ரான் 97 என்றால் நீங்கள் சோதித்தது சிப்பையா, பெட்ரோலையா? சிப் மாற்றும் அதே நாளில் ஸ்பார்க் பிளக்கையும் காற்று வடிகட்டியையும் புதிதாக மாற்றினால் பாராட்டு யாருக்கு?

அலகையும் கவனியுங்கள். ஒரு பி.எஸ். 735.5 வாட். ஒரு எச்.பி. 745.7 வாட். தமிழில் இரண்டையும் குதிரைத்திறன் என்றே சொல்கிறோம். பழைய சிப்பை எச்.பி.யிலும் புதிய சிப்பை பி.எஸ்.ஸிலும் எழுதினால், எதையும் தொடாமலேயே எண் 1.4 விழுக்காடு வளர்ந்துவிடும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது திரும்பச் செய்வது. ஒரே காரை, எதையும் மாற்றாமல் மூன்று முறை டைனோவில் ஓட்டினாலும் மூன்று எண்கள் வரும். ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். பழைய சிப்: 200, 203, 198. புதிய சிப்: 204, 201, 206. விளம்பரக்காரர் என்ன செய்வார்? முதல் வரிசையில் 198-ஐயும் இரண்டாவதில் 206-ஐயும் எடுத்து "8 குதிரைத்திறன் கூடியது" என்பார். சராசரியைப் பார்த்தால் 200.3, 203.7. வேறுபாடு ஏறக்குறைய 3.3 மட்டுமே. ஒரே சிப்பில் வந்த எண்களுக்கு நடுவிலேயே 5 வரை ஏற்ற இறக்கம் இருக்கும்போது, இந்த 3.3 சிப்பினால்தான் வந்தது என்று எப்படி அடித்துச் சொல்வது? இன்னும் பல முறை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

எனக்குப் பிடித்த முறை எளிமையானது. பழையது, புதியது, மறுபடியும் பழையது. புதிய சிப்பை எடுத்துவிட்டுப் பழையதைத் திரும்ப மாட்டும்போது எண் பழைய இடத்துக்கே இறங்க வேண்டும். இறங்காவிட்டால், கூடிய சக்திக்கு வேறு காரணம் இருக்கிறது. விளம்பர வரைபடங்களில் நீலக் கோடும் சிவப்புக் கோடும் இருக்கும். அந்த மூன்றாவது கோட்டைத் தேடிப் பாருங்கள், எளிதில் கிடைக்காது.

'ஓட்டிப் பார்த்தாலே தெரிகிறதே!'

இப்படிச் சொல்பவர்களும் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. பணம் கொடுத்தவர் மாற்றத்தை எதிர்பார்க்கிறார். எதிர்பார்ப்பவருக்கு அது கிடைத்துவிடுகிறது. தவிர, இன்றைய கார்களில் ஆக்சிலரேட்டர் மிதிக்கும் எஞ்சினுக்கும் இடையே கணினி இருக்கிறது. பாதி மிதித்தாலே முக்கால் பங்கு திறக்கும்படி எண்ணை மாற்றினால் கார் துள்ளும். முழுவதும் மிதித்தால் சக்தி அதேதான்.

காரில் பழுது பார்க்கும் கருவியை இணைப்பதற்கான செருகியில் மாட்டும் சிறு பெட்டிகளும் விற்கப்படுகின்றன. விளக்கு மின்னும், சக்தி கூடும், பெட்ரோல் மிச்சமாகும் என்பார்கள். அப்படிப்பட்ட பெட்டி ஒன்றைக் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் சோதித்தார்கள். காரின் மின்னணுப் பாகங்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் செய்திகளைப் பெட்டி இல்லாமல் ஒரு முறையும் பெட்டியோடு ஒரு முறையும் பதிவு செய்து ஒப்பிட்டார்கள். பெட்டி ஒரு செய்தியையும் அனுப்பவில்லை. விளக்கு மட்டும்தான் மின்னியது. விலை உயர்ந்த டைனோகூட இல்லாமல், ஒப்பிடும் முறை ஒன்றினாலேயே உண்மை வெளிவந்தது.

யார் கொடுக்கும் விலை?

சக்தி உண்மையிலேயே கூடிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். சோதனை அத்தோடு முடியவில்லை. டைனோவில் ஓர் ஓட்டம் சில விநாடிகளில் முடிந்துவிடும். பக்கத்தில் பெரிய விசிறி குளிர்ந்த காற்றை வீசிக்கொண்டிருக்கும். மதிய வெயிலில் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடும்போது நாக்கிங் வருகிறதா? எஞ்சின் எவ்வளவு சூடாகிறது? புகைக்குழாயிலிருந்து என்ன வெளியேறுகிறது? சிவப்புக் கோடு இவற்றுக்கு விடை சொல்லாது.

"என் கார், என் பணம், என் இஷ்டம்" என்று கேட்கலாம். எஞ்சின் கெட்டால் அது உங்கள் பாடு, ஒப்புக்கொள்கிறேன். புகை அப்படியல்ல. சாலை விளக்கில் உங்கள் காருக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் நிற்பவர் அதைச் சுவாசிக்கிறார். பெட்ரோலை அளவுக்கு மீறிக் கூட்டினால் எரியாத எரிபொருளும் கார்பன் மோனாக்சைடும் கூடும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். புகையைப் பாதிக்கக்கூடிய மாற்றுப் பாகத்தை அங்கே விற்க வேண்டுமானால், அது மாசைக் கூட்டாது என்று நிரூபித்து மாநிலக் காற்றுவள வாரியத்தின் அனுமதி எண்ணைப் பெற வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு விற்பவருடையது. இது நியாயமான ஏற்பாடு என்பது என் கருத்து.

பெரிய நிறுவனமும் தப்பவில்லை

சிறு பட்டறைகளை மட்டும் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். எஞ்சின் கணினியை வைத்து நடந்த மிகப் பெரிய ஏமாற்று வேலையைச் செய்தது உலகப் புகழ் பெற்ற ஃபோக்ஸ்வேகன்.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டான் கார்டர் தலைமையில் ஒரு சிறு ஆய்வுக் குழு இருந்தது. அதில் ஒருவர் அரவிந்த் திருவேங்கடம். பெயரே நமக்குப் பழக்கமானதாக இருக்கிறது, இல்லையா? அவர்கள் மூன்று டீசல் கார்களை எடுத்துக்கொண்டார்கள். புகையை அளக்கும் கருவிகளைக் காரிலேயே ஏற்றிக்கொண்டு சாலையில் ஓட்டினார்கள். ஒரு காரை லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சியாட்டில் வரைக்கும் ஓட்டிச் சென்றார்கள். ஆய்வுக்கூட டைனோவில் ஒழுங்காக இருந்த ஃபோக்ஸ்வேகன் கார்கள் இரண்டும், சாலைக்கு வந்ததும் நைட்ரஜன் ஆக்சைடைச் சட்ட அளவைவிடப் பல மடங்கு கக்கின. மூன்றாவது கார் பி.எம்.டபிள்யூ. அது சாலையிலும் பெரும்பாலும் அளவுக்குள்ளேயே இருந்தது. அதனால், கருவியில்தான் கோளாறு என்று யாரும் தட்டிக்கழிக்க முடியவில்லை. ஒப்பீடு எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

2014இல் முடிவுகள் வெளிவந்தன. 2015 செப்டம்பர் 18ஆம் தேதி அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகவை உண்மையை அறிவித்தது. ஸ்டியரிங்கின் நிலை, வேகம், காற்றழுத்தம் போன்றவற்றை வைத்து, "நான் இப்போது சோதனையில் இருக்கிறேன்" என்று காரின் கணினியே கண்டுபிடித்துக்கொண்டது. சோதனையில் புகையை அடக்கியது. சாலையில் சட்ட அளவைப்போல் 40 மடங்கு வரை விட்டது. உலகம் முழுவதும் சுமார் ஒரு கோடியே 10 லட்சம் கார்களில் அந்த மென்பொருள் இருந்ததை நிறுவனம் ஒப்புக்கொண்டது.

இங்கேயும் மாற்றப்பட்டவை கணினிக்குள் இருந்த கட்டளைகள்தான். சிப் விற்பவர் சக்தியைக் காட்டிப் புகையை மறைக்கிறார் என்றால், இவர்கள் ஆய்வுக்கூடத்தைக் காட்டிச் சாலையை மறைத்தார்கள். இரண்டையும் பிடிக்க ஒரே வழிதான். விற்பவர் காட்டாத இடத்தில் போய் அளப்பது.

நீங்கள் கேட்க வேண்டியவை

ஆகவே, யாராவது உங்களிடமோ உங்கள் அண்ணனிடமோ சிப் விற்க வந்தால், மரியாதையாக நான்கு கேள்விகள் கேளுங்கள். ஒவ்வொரு சிப்பையும் எத்தனை முறை ஓட்டினீர்கள்? பழைய சிப்பைத் திரும்ப மாட்டி அளந்தீர்களா? வெப்பநிலை, பெட்ரோல், அலகு, திருத்தம் எல்லாம் ஒன்றுதானா? நாக்கிங்கையும் புகையையும் அளந்த தாள் எங்கே? நேர்மையான பட்டறைக்காரர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். கோப்பை எடுத்து உங்கள் முன் வைப்பார். உங்கள் காருக்கு இது ஒத்துவராது என்று சொல்லித் திருப்பி அனுப்புபவர்களும் அவர்களில் இருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். பொதுச் சாலையில் ஓட்டி வேகத்தைச் சோதிக்க வேண்டாம். அது ஆபத்து; அளவீடும் சரியாக வராது.

சோதித்துப் பார்க்கும் ஆசை இருந்தால் சைக்கிளில் தொடங்குங்கள். டயரில் காற்றைக் குறைத்து, ஒரு சரிவின் அதே கோட்டிலிருந்து மிதிக்காமல் உருளவிட்டு, எவ்வளவு தூரம் போகிறது என்று ஐந்து முறை அளந்து எழுதுங்கள். காற்றை நிரப்பி ஐந்து முறை. மறுபடியும் குறைத்து ஐந்து முறை. ஓட்டுபவர் ஒருவராகவே இருக்கட்டும். அளப்பவருக்கு இப்போது டயரில் எவ்வளவு காற்று என்று சொல்லாதீர்கள். பள்ளி அறிவியல் கழகத்தில் ஒரு மாலை நேரம் போதும். பதினைந்து எண்களும் கையில் வந்த பிறகு, அந்த விளம்பர வரைபடத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.